முப்பது சிட்டிகை மண்

பயிற்சித் தளத்தில் குண்டு வெடித்தால் செய்தி. வெடிக்காமல் கிடந்தால்? பாதி வெடித்து, மிச்சம் மழைநீரோடு கிணற்றுக்கு இறங்கினால்?

பண்டசோழநல்லூரில் நெல் அறுத்து முடித்த வயல். தாள் காலைக் குத்துகிறது. சித்தப்பா மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் குழி போடுகிறார். குழியின் சுவரை மேலிருந்து கீழாக ஒரு சீவு சீவி வாளியில் போடுகிறார். நேராக நடப்பதில்லை; பாம்பு போன தடம்போல வளைந்து வளைந்து ஒரு காணிக்குள் பதினைந்து இடம். வரப்போரம் கூடாது, எருக்குப்பை கொட்டிய இடம் கூடாது, வேப்பமர நிழல் கூடாது, போர் கொட்டகைப் பக்கம் கூடாது. எல்லாவற்றையும் சாக்கின் மேல் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு கூறாக்கி, எதிரெதிர் இரண்டு கூறைத் தள்ளிவிடுகிறார். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலு கூறு. கடைசியில் நிற்பது அரைக் கிலோ. மண்வள அட்டைக்குப் போவது அதுதான்.

தள்ளிய மண்ணில் இரண்டு கைப்பிடி அள்ளி நான் ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

“உனுக்கு இன்னாத்துக்குடா?”

“குண்டு மருந்து இருக்குதான்னு பார்க்கலாம்னு, சித்தப்பா.”

“நம்ம கொல்லையிலயா? இங்க இன்னாடா இருக்கப் போவுது?”

“ஒண்ணும் இருக்காது. அது தெரியறதுக்குத்தான்.”

பட்டணம் போன பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பார்வை பார்த்துவிட்டு அவர் சாக்கை உதறினார். எதுவும் ஆகிவிடவில்லை என்று அவருக்கு விளக்க முயன்றதில் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

குளத்தங்கரையில் கிடந்தது

இங்கிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் போனால் திருப்போரூரை அடுத்து மானாமதி. 2019 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. கங்கையம்மன் கோயில் குளத்தருகே இளைஞர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கிடைத்த விநோதமான பொருள் ஒன்றைத் திறந்து பார்க்க முயன்றபோது அது வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கூட இருந்தவர்கள் காயம்பட்டார்கள். அந்தப் பொருள் அனுமந்தபுரத்துப் பயிற்சித் தளத்திலிருந்து எப்படியோ வந்த வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் உடனே எழுந்தது.

அனுமந்தபுரம், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து கிழக்கே மலைக்குன்றுகளும் காப்புக்காடும் சூழ்ந்த ஊர். ராணுவம், மத்தியப் படைகள், காவல்துறை என்று பல தரப்பும் அங்கே சுட்டுப் பழகுகின்றன. துப்பாக்கி முதல் ராக்கெட் லாஞ்சர் வரை. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி பழகிப்போனது. பயிற்சி இல்லாத நாளில் மாடுகள் உள்ளே போகும். மாட்டுக்குப் பின்னால் ஆளும் போவார். தரையில் பித்தளைக் கூடு கிடக்கும், செம்பு பூசிய ஈய முனை கிடக்கும், இரும்புத் துண்டு கிடக்கும். பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். வெடித்த குண்டின் ஓட்டுக்கும் வெடிக்காத குண்டுக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியாது.

இன்னொரு நாள், இன்னொரு மாவட்டம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலையில் பாட்டி வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவன் தலையில் தோட்டா பாய்ந்தது. பக்கத்தில் பசுமலைப்பட்டி தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்த காலை அது. ஜனவரி 3ஆம் தேதி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிள்ளை இறந்தான். தளம் மூடப்பட்டது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது, விசாரணை நடந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம். நாள், நேரம், உடல், மருத்துவமனை, முதல் தகவல் அறிக்கை எல்லாம் இருக்கும். செய்தியாளனுக்கு எழுத வசதி, அரசுக்கு நிவாரணம் கொடுக்க வசதி. இருபது முப்பது வருடமாக ஒரே சரிவில் விழுந்த ஈயமும் வெடிமருந்துத் தூளும் எங்கே போயின என்று கேட்டால் எழுதவும் வசதியில்லை, கொடுக்கவும் வசதியில்லை. யாரும் அளக்கவில்லை. என் குறை இது ஒன்றுதான்.

பாகூர்ப் போரின் குண்டு என்ன ஆனது?

எங்கள் பக்கத்து மண் குண்டு காணாத மண் இல்லை. 1752 செப்டம்பரில் பாகூரில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. 1760இல் புதுச்சேரியை வளைக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், முதலில் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அன்றைக்குப் பீரங்கியில் போட்டது பெரும்பாலும் கெட்டி இரும்பு உருண்டை. மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. உருண்டை துருவாகி மண்ணோடு மண்ணாகும். வெடியுப்பு நாலு மழையில் கரைந்து போகும். மிச்சம் ஏதாவது இருந்தால் பயிருக்கு உரம். துப்பாக்கி ரவை ஈயம் மட்டும் அப்படியே கிடக்கும். மற்றபடி அந்தக் காலத்துப் போர், செத்தவர்களைத் தவிர வேறெதையும் நிலத்தில் நெடுநாள் விட்டுவைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் குண்டு வேறு ரகம். உள்ளே டிஎன்டி, ஆர்டிஎக்ஸ். சுடும் தோட்டாவின் உந்துமருந்தில் நைட்ரோகிளிசரின், டைநைட்ரோடொலுவின். ராக்கெட்டிலும் புகைக்குண்டிலும் பெர்குளோரேட். முனையில் ஈயம், அதைக் கெட்டிப்படுத்த ஆன்டிமனி, மேலே செம்பு. ஒவ்வொன்றுக்கும் மண்ணில் ஒவ்வொரு குணம். டிஎன்டி மண்ணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வேறு பொருளாக மாறும், தூரம் போகாது. ஆர்டிஎக்ஸ் தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும். ஆனால் கரைந்தது மண்ணில் ஒட்டாமல் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். பெர்குளோரேட் உப்பு மாதிரி, எங்கே தண்ணீரோ அங்கே அது. உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதற்குக் குறுக்கே நிற்கும். ஈயம் புளிப்பு மண்ணில் நகரும், மற்றதில் நகரச் சோம்பும். கூடவே வரும் ஆன்டிமனியோ சுண்ணாம்பு மண்ணில்தான் ஓடும். ஈயத்தைக் கட்டிவைக்கச் சுண்ணாம்பு போட்டால் ஆன்டிமனி அவிழ்ந்துகொள்கிறது.

குடிநீரில் ஆர்டிஎக்ஸ் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்லும் ஆலோசனை அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் ஆர்டிஎக்ஸ் 5 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி நாற்பதுக்கும் மேல் வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தர மார்ட்டார் குண்டுக்குள் இருக்கும் மருந்து நூற்றுக்கணக்கான கிராம்.

பனியில் எழுதிய கணக்கு

அப்படியென்றால் குண்டு போடும் ஊரெல்லாம் நஞ்சாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆகவில்லை. ஏன் என்று கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஹானோவர் நகரில் குளிர்ப்பிரதேச ஆய்வகம் ஒன்று உண்டு. அங்கிருந்தவர்கள் பனி மூடிய வெளியில் குண்டை வெடிக்கவைத்தார்கள். வெள்ளைப் பனி மேல் கரி படிந்த இடம் தெளிவாகத் தெரியும். அந்தப் பனியை வாரி உருக்கி அளந்தால் ஒரு குண்டு எவ்வளவு மருந்தை மிச்சம் வைத்தது என்று தெரிந்துவிடும். மண்ணில் செய்தால் பழைய குண்டின் மிச்சமும் கலந்துவிடும். பனியில் அந்தக் குழப்பம் இல்லை.

தெரியவந்தது இது. ஒழுங்காக வெடித்த குண்டு கிட்டத்தட்ட எதையும் விட்டுவைப்பதில்லை, மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது. வம்பு பண்ணுவது ஒழுங்காக வெடிக்காத குண்டு. பாதி வெடித்து ஓடு பிளந்து, உள்ளிருந்த மருந்தைக் கற்கண்டுத் துண்டு மாதிரி நாலாபக்கமும் சிதறவிடும் குண்டு. அப்படிப்பட்ட ஒன்று விடும் மருந்துக்கு ஈடாக ஒழுங்கான குண்டுகளை ஆயிரக்கணக்கில், சில வகையில் பத்தாயிரக்கணக்கில் வெடிக்க வேண்டியிருக்கும். வெடிக்கவே வெடிக்காத குண்டு இன்னொரு ரகம். அமெரிக்க ராணுவம் தன் குண்டுகளுக்கு எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். மண்ணுக்குள் புதைந்து கிடந்து, ஓடு துருப்பிடித்து ஓட்டை விழும் நாளுக்காக அது காத்திருக்கும்.

ஆகவே ஒரு தளத்தில் மொத்தம் எத்தனை குண்டு சுட்டார்கள் என்ற கேள்வி அரைக் கேள்விதான். எத்தனை சரியாக வெடிக்கவில்லை என்பதே முழுக்கேள்வி. தளத்துப் பதிவேட்டில் அதை யாராவது எழுதுகிறார்களா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில் கேம்ப் எட்வர்ட்ஸ் என்றொரு பயிற்சி முகாம். அடியில் மணல், மணலுக்குள் நிலத்தடி நீர், அந்த வட்டாரத்துக்கே குடிநீர் அதுதான். அந்த நீரில் ஆர்டிஎக்ஸ் இறங்குவது தெரியவந்தது. 1997இல் சுற்றுச்சூழல் முகமை, ராணுவத்தைப் பார்த்து, சுடுவதை நிறுத்து என்று உத்தரவு போட்டது. குடிநீர்ச் சட்டத்தைக் காட்டி ஒரு ராணுவத் தளத்தின் வாயை அடைத்த கதை அது. ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் வந்ததும் அதற்குப் பிறகுதான். கிணற்றுக்குப் பயந்து அல்ல, அடுத்த தளமும் மூடிவிடுவார்களோ என்று பயந்து. நோக்கம் எதுவானாலும் மண் அளக்கப்பட்டது, அதுவரைக்கும் நல்லது.

அதே முகாமில் இன்னொரு வேடிக்கை. ஈயம் ஆபத்து என்று, 1999இலிருந்து டங்ஸ்டனும் நைலானும் கலந்த ‘பசுமைத் தோட்டா’வைச் சுட்டார்கள். டங்ஸ்டன் கரையாது, நகராது, சாதுவான உலோகம் என்றார்கள். சில ஆண்டுகளில் நிலத்தடி நீரில் டங்ஸ்டன் தென்பட்டது. 2006இல் அந்தத் தோட்டாவுக்கும் தடை.

அலாஸ்காவில் ஈகிள் ரிவர் சதுப்பு நிலம். ஃபோர்ட் ரிச்சர்ட்சன் ராணுவ முகாம் அங்கே பல்லாண்டுகளாகக் குண்டு போட்டு வந்தது. 1980களில் வாத்துகள் கும்பல் கும்பலாகச் செத்து மிதந்தன. நோயா, பூச்சிமருந்தா என்று வருடக்கணக்கில் தேடிவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது வெண்பாஸ்பரஸ். புகைக்குண்டில் போடுவது. காற்றுப் பட்டால் தானே எரிந்துவிடும் என்பதால் அதை யாரும் சந்தேகப்படவே இல்லை. சேற்றில் விழுந்த துணுக்குகளுக்குக் காற்று எங்கே? எரியாமல் அப்படியே கிடந்தன. வாத்து, விதை என்று நினைத்து அதைக் கொத்தித் தின்றது. ஊசுட்டேரியில் வந்திறங்கும் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் செய்தியைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

சித்தப்பா சொன்ன முறை

மண்ணில் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது எளிது என்றுதான் நானும் நினைத்தேன். போய் ஒரு பிடி அள்ளு, ஆய்வகத்தில் கொடு, முடிந்தது. ஆரம்பத்தில் அமெரிக்கர்களும் அப்படித்தான் செய்தார்கள். அள்ளிய இடத்தில் ஒரு துணுக்கு மருந்து இருந்தால் அந்தத் தளமே நஞ்சு என்று வரும். ஓரடி தள்ளி அள்ளினால் சுத்தம் என்று வரும். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு பிடிக்குள்ளேயே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைத் தேடுகிற மாதிரி. ஒரு கரண்டியில் மூன்று வரும், அடுத்த மூன்று கரண்டியில் ஒன்றும் வராது. அதை வைத்துச் சமையல்காரரைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது.

ஹானோவர் ஆய்வகத்தார் வகுத்த மாற்று இதுதான். பரப்பை எல்லை கட்டிக்கொள். ஒழுங்கான இடைவெளியில் முப்பது முதல் நூறு இடத்தில் சிட்டிகை சிட்டிகையாக எடு. எல்லாவற்றையும் ஒரே பையில் சேர். காயவைத்து, சலித்து, மாவாக அரை. அந்த மாவிலிருந்து எடுத்துச் சோதி. 2006இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தன் 8330பி சோதனை முறையில் இதைச் சேர்த்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கான உழைப்பு, ஏகப்பட்ட டாலர், கட்டுக்கட்டாக அறிக்கைகள்.

இதைத்தான் சித்தப்பா வயலில் சாக்கு விரித்துச் செய்துகொண்டிருந்தார். பாம்புத் தடம், பதினைந்து குழி, நாலு கூறு. அவருக்கு வேண்டியது தழை, மணி, சாம்பல் சத்து. அவர்களுக்கு வேண்டியது ஆர்டிஎக்ஸ். மண் ஒரு பிடியில் உண்மை சொல்லாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். (அரைத்து மாவாக்கும் வேலை மட்டும் சித்தப்பாவிடம் இல்லை. வெடிமருந்து கலந்த மண்ணை அரைக்க அவரும் துணிய மாட்டார்.)

நான் பண்டசோழநல்லூர் மண்ணை அள்ளியதன் காரணமும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. அனுமந்தபுரத்துக் கிணற்றில் பெர்குளோரேட் இருக்கிறது என்று நாளைக்கு ஒருவர் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். உடனே எதிர்க்கேள்வி வரும்: தீபாவளிப் பட்டாசிலிருந்து வந்திருக்கலாமே? ஈயம் இருந்தால், பழைய பெயின்ட், பழைய பேட்டரி, ஜி.எஸ்.டி. சாலைப் புகை என்று ஆயிரம் வழி உண்டு. நைட்ரேட் இருந்தால் யூரியா. இந்தக் கேள்விகள் நியாயமானவை. பதில் சொல்ல, பயிற்சித் தளமே இல்லாத, ஆனால் பட்டாசு வெடிக்கிற, யூரியா போடுகிற, பஸ் ஓடுகிற சாதாரண ஊர் ஒன்றின் மண்ணும் தண்ணீரும் தெரிந்திருக்க வேண்டும். நெட்டப்பாக்கம் கொம்யூனின் இந்த ஊரைப் போல. எதுவும் நடக்காத ஊருக்கும் ஆராய்ச்சியில் ஒரு வேலை உண்டு.

பனி தேசத்துக் கணக்கு போதாது

இதுவரை சொன்னவை பெரும்பாலும் குளிர் நாட்டில் அளந்தவை. அப்படியே இங்கே தூக்கிவந்து பொருத்த முடியாது. அங்கே வருடம் முழுக்கப் பரவலாக மழையும் பனியும். இங்கே மாதக்கணக்கில் மண் வெடித்துக் கிடந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் நாலு நாளில் கொட்டித் தீர்க்கிறது. அந்த முதல் வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு நேரே ஏரிக்குப் போகிறது. நிலத்தடிக்கு இறங்குவது எவ்வளவு, ஏரிக்கு ஓடுவது எவ்வளவு? கேப் காட்டில் கேட்கத் தேவையில்லாத கேள்வி, இங்கே முதல் கேள்வி.

பிறகு சேறு. ஆர்டிஎக்ஸையும் பெர்குளோரேட்டையும் சிதைக்கும் நுண்ணுயிர்களில் பல, காற்றில்லாத இடத்தில்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காற்றோட்டமான மணலில் ஆர்டிஎக்ஸ் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் இருக்கும். தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேறும் ஏரியின் அடி வண்டலும் காற்றில்லாதவை. அப்படியானால் நம் ஏரிகள் நமக்குத் தெரியாமலே ஒரு துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அல்லது வண்டலில் உலோகத்தைச் சேர்த்துவைத்து, தூர்வாரி வயலில் கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்டுகிறோமோ என்னவோ. இரண்டும் ஒரே ஏரியில் நடக்கலாம். இதை ஊகத்தால் தீர்க்க முடியாது. ஒரு ஏரியில் இரண்டு மழைக்காலம் அளந்தால் தீரும்.

மாடு இன்னொரு கேள்வி. செடிகள் ஆர்டிஎக்ஸை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கின்றன. சிதைக்க அவற்றுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் நுண்ணுயிரின் மரபணுவைப் புல்லுக்குள் வைத்து, ஆர்டிஎக்ஸைத் தின்று செரிக்கும் புல்லையே உருவாக்கி, ஃபோர்ட் டிரம் என்ற அமெரிக்கத் தளத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 2021இல் முடிவு வெளியானது. அற்புதமான வேலைதான். ஆனால் அமெரிக்கத் தளத்தில் அந்தப் புல்லை மேய மாடு வருவதில்லை. நம் தளங்களில் வருகிறது. அந்த மாட்டின் பாலை யாரோ காலையில் காப்பிக்கு வாங்குகிறார்கள். காய்ந்த புல்லில் எவ்வளவு சேர்கிறது, பாலுக்கு வருகிறதா, சாணத்தோடு போகிறதா?

ஓடு துருப்பிடிக்கும் வேகமும் இங்கே வேறாக இருக்கும். உப்புக்காற்று, செம்மண், ஆறு மாத ஈரம், ஆறு மாத வறட்சி. முப்பது ஆண்டா, முந்நூறு ஆண்டா என்பதைப் பொறுத்து இது நம் தலைமுறையின் பிரச்சினையா பேரப்பிள்ளைகளின் பிரச்சினையா என்பதே மாறும்.

வெடிக்காத குண்டைத் தேடும் கருவிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். இங்கே ஒன்று போதும். உலோகங்காட்டி ‘இருக்கிறது’ என்று கத்தும் இடங்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டினால் வருவது வெறும் உடைசல். செலவெல்லாம் அந்தத் தோண்டலில்தான். ஹவாயின் கஹோலாவே தீவில் அமெரிக்கக் கடற்படை அரை நூற்றாண்டு குண்டு போட்டது. 1990இல் நிறுத்திய பிறகு, பத்து ஆண்டும் 40 கோடி டாலரும் செலவழித்துத் துப்புரவு செய்தார்கள். தீவு முழுமையாகச் சுத்தமாகவில்லை.

சட்டத்தில் ஒரு வருவாய் அலுவலர்

நம் நாட்டில் இதற்கு அடிப்படைச் சட்டம் 1938ஆம் ஆண்டின் படைப்பயிற்சி, களச் சுடுபயிற்சி, பீரங்கிப் பயிற்சிச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. மாநில அரசு ஒரு பகுதியை அறிவிக்கை செய்யலாம். படைகள் அங்கே சுடலாம். ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் இழப்பீடு உண்டு. அதில் எனக்குப் பிடித்த பாத்திரம், படையோடு கூடவே போய் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும் வருவாய் அலுவலர். நாற்று மிதிபட்டதா, வரப்பு உடைந்ததா, வைக்கோல்போர் எரிந்ததா? பார்த்து எழுதிவிடுவார். கண்ணால் பார்க்க முடிகிற சேதத்துக்கு எழுதிய சட்டம். எண்பது ஆண்டுக்கு முன்னால் வேறெதையும் எதிர்பார்க்க முடியாதுதான். இன்றைக்கும் அந்த அலுவலர் கையில் மண்வெட்டியும் பையும் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இதே சட்டத்தின் கீழ்தான் ஜார்க்கண்டின் நெதர்ஹாட் பகுதியில் 245 கிராமங்கள் சுடுபயிற்சி எல்லைக்குள் வந்தன. ஆதிவாசி மக்கள் 1990களிலிருந்து போராடினார்கள். 2022 ஆகஸ்டில் மாநில அரசு அறிவிக்கையை நீட்டிக்க மறுத்தது. காஷ்மீரின் தோசமைதான் புல்வெளி 1964 முதல் ஐம்பது ஆண்டு ராணுவத்தின் பீரங்கித் தளம். அறுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். 2014இல் குத்தகை முடிந்து, ராணுவமே குண்டுகளைத் தேடி அகற்றி, பிறகு சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். இரண்டு இடத்திலும் மக்கள் கேட்டது உயிரும் நிலமும். சரிதான். புல்வெளியிலிருந்து இறங்கும் ஓடைகளைப் பற்றி இவ்வளவு சத்தமாக யாரும் பேசவில்லை. ஈழத்தின் முகமாலையிலும் கண்ணிவெடிகளை ஒன்றொன்றாக எண்ணி எடுக்கிறார்கள். எடுத்த குழியின் மண்ணுக்கு எண்ணிக்கை இல்லை.

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் இல்லை, டிஎன்டி இல்லை, பெர்குளோரேட் இல்லை. வரம்பு இல்லாத பொருளை எந்த மாவட்ட ஆய்வகமும் தேடாது. தேடாத பொருள் எந்தக் கிணற்றிலும் கிடைக்காது. கிடைக்காத பொருளுக்கு வரம்பு எதற்கு? வட்டம் அழகாக மூடிக்கொள்கிறது.

திறமை இல்லாமல் இல்லை. கேரளத்தின் ஆலுவாயில் இஸ்ரோவின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருக்கிறது, ராக்கெட் எரிபொருளுக்காக. பக்கத்துக் கிணறுகளில் பெர்குளோரேட் இருப்பதைத் திருவனந்தபுரத்து நீஸ்ட் ஆய்வகத்தார்தான் கண்டறிந்தார்கள். அரசு நிறுவனத்தின் ஆலை, அரசு நிறுவனத்தின் ஆய்வகம். வெடிமருந்தை வேதியியலாக அறிந்த ஆய்வகம் புனேயில் இருக்கிறது. வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பெயரிலேயே போட்டுக்கொண்ட பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் டெல்லியில் இருக்கிறது. கருவிகள் இருக்கின்றன, படித்தவர்கள் இருக்கிறார்கள். தளத்தின் கேட்டைத் திறந்து, “வாருங்கள், முப்பது சிட்டிகை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் ஒரு உத்தரவுதான் இல்லை.

ரகசியம் என்பார்கள். எந்தக் குண்டை எத்தனை சுட்டோம் என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலிக்கு வெளியே ஓடிவரும் ஓடையின் தண்ணீரில் என்ன ரகசியம்? அதில் தொடங்கலாம். உள்ளே இருப்பதை ராணுவமே அளந்து, தானே வைத்துக்கொள்ளட்டும், முதலில் அளக்கட்டும். சுட்டுப் பழகாத படை எதற்கும் உதவாது; தளம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அளக்காத தளத்துக்கு என்ன நேரும் என்பதற்குத்தான் கேப் காட் இருக்கிறது. மறைமலைநகரும் சிங்கப்பெருமாள்கோவிலும் மனைப்பிரிவுக் கொடிகளோடு அனுமந்தபுரத்தை நோக்கி நகர்ந்து வருகின்றன. இன்றைக்கு மாடு மேய்கிற இடத்தில் நாளைக்கு ஆழ்துளைக் கிணறு போட்ட அடுக்குமாடி நிற்கும். அங்கே குடிவருபவர்கள் தண்ணீரைச் சோதிக்காமல் விட மாட்டார்கள்.

பை

என் பையை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமைசாலி. ஈயம் பார்க்கலாம், செம்பு பார்க்கலாம், துத்தநாகம் பார்க்கலாம் என்றார். ஆர்டிஎக்ஸ் என்றதும் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “நீங்க எங்கேயிருந்து பேசுறீங்க?” என்று கேட்டார். ஊர் பேரைச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்கத் தங்களிடம் மாதிரிக் கரைசல் இல்லை, வாங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை, யாரும் கேட்டதும் இல்லை என்றார். வைக்கும் முன், “அது சரி, பண்டசோழநல்லூர்ல எதுக்கு?” என்றார். சித்தப்பாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்.

சித்தப்பாவின் மண்வள அட்டை வந்துவிட்டது. துத்தநாகம் கம்மி, ஜிங்க் சல்பேட் போடச் சொல்லியிருக்கிறது. என் பை அலமாரியில் இருக்கிறது. மேலே ஊர், தேதி, ஆழம் ஒரு சாண், குழி பதினைந்து என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பதினைந்து போதாது, குறைந்தது முப்பது வேண்டும் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. சொன்னேன். “அதுக்கென்னா, இன்னொரு வாட்டி எடுத்துக்கினா போச்சு” என்றார். ஆனால் இப்போது நடவு ஆகி வயலில் தண்ணீர் நிற்கிறது. அறுப்பு முடிந்த பிறகுதான் மறுபடி இறங்க முடியும்.